நெஞ்சில் நீர் எடுக்க முதுகில் 'மார்க்' போட்டால் போதுமா?

"நெஞ்சுல தண்ணி சேர்ந்திருக்கு. ஸ்கேன் ரூமுக்குப் போய் மார்க் போட்டுட்டு வந்துடுங்க. சாயங்காலம் எடுத்துடலாம்."

பெரிய மருத்துவமனை, சிறிய மருத்துவமனை என்ற வித்தியாசமில்லாமல் வார்டுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. நோயாளி ஸ்ட்ரெச்சரில் ஸ்கேன் அறைக்குப் போகிறார். அங்கே ஒரு டாக்டர் அல்ட்ராசவுண்டில் பார்த்து, முதுகில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். நோயாளி வார்டுக்குத் திரும்புகிறார். சில மணி நேரம் கழித்து, ஸ்கேனைப் பார்க்காத வேறொரு டாக்டர் அந்தக் குறியில் ஊசியைச் செலுத்துகிறார். கேஸ் ஷீட்டில் 'யு.எஸ்.ஜி. கைடட்' என்று பதிவாகிறது.

இதில் என்ன தப்பு, ஸ்கேன் பார்த்தாச்சே என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்கேன் பார்த்த கண் ஒன்று, ஊசி பிடித்த கை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் பயணமும் மதியச் சாப்பாடும் இருக்கின்றன. இதை 'ஸ்கேன் பார்த்து எடுத்தது' என்று சொல்வது எவ்வளவு சரி?

என் வாதம் எளிமையானது. நெஞ்சிலிருந்து நீர் எடுக்கும்போது ஸ்கேனும் ஊசியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அதை ஆடம்பரமாகப் பார்க்கக் கூடாது, அடிப்படை வசதியாகப் பார்க்க வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. பழக்கமும், ஒரு சட்டத்தைப் பற்றிய பயமும்தான் பெரிய தடைகள்.

நீர் எங்கே சேர்கிறது?

'நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்கிறோம். பெரும்பாலான நேரம் நீர் இருப்பது நுரையீரலுக்குள் அல்ல, அதற்கு வெளியே. நுரையீரலை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்திலும் அதே போன்ற உறை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளியில் சில மில்லி லிட்டர் திரவம் எப்போதும் இருக்கும். மூச்சு விடும்போது இரண்டு உறைகளும் உரசாமல் வழுக்கிச் செல்ல அது எண்ணெய் மாதிரி உதவுகிறது.

காசநோய், நிமோனியா, புற்றுநோய், இதயம் பலவீனமாவது, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு என ஏதோ ஒரு காரணத்தால் அந்த இடைவெளியில் நீர் பெருகினால் அது பிளூரல் எஃப்யூஷன். நீர் சீழாக மாறினால் எம்பையீமா. அதே இடத்தில் காற்று புகுந்துகொண்டால் நியூமோதொராக்ஸ். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: நுரையீரல் விரிய வேண்டிய இடத்தை வேறு ஏதோ பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

உலகில் ஏற்படும் காசநோயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில்தான். எனவே நெஞ்சில் நீர் என்பது நம்மூரில் அரிய நோய் அல்ல. அலுவலகம் போய்வரும் இருபத்தைந்து வயது இளைஞருக்கும் வரும். லேசான காய்ச்சல், ஒரு பக்கம் குத்துவலி, மாடி ஏறினால் மூச்சு என்று தொடங்கும். 'ஜிம்ல பிடிச்சுக்கிச்சு போல' என்று இரண்டு வாரம் ஓட்டுவார்கள். எக்ஸ்ரே எடுத்தால் ஒரு பக்கம் பாதி வெள்ளையாக இருக்கும்.

தட்டிப் பார்த்த காலம்

நெஞ்சில் நீர் இருக்கிறதா என்று அறிய விரலால் தட்டிப் பார்க்கும் முறையை 1761-ல் எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஆயன்பிரக்கர். விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி, சரக்கு எந்த மட்டம்வரை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை அங்கிருந்து வந்தது என்பார்கள். காற்று இருந்தால் 'டம்' என்று ஒலிக்கும்; நீர் இருந்தால் மந்தமாகக் கேட்கும். 1816-ல் பிரான்சின் ரெனே லெனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்தார். பிறகு எக்ஸ்ரே வந்தது.

இந்த மூன்றையும் வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் நீர் எடுத்தார்கள். பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். 'முப்பது வருஷமா ஸ்கேன் இல்லாமதான் எடுக்கறேன், ஒண்ணும் ஆகலையே' என்று ஒரு சீனியர் டாக்டர் சொன்னால் அதைச் சிரித்துத் தள்ள முடியாது. அவருடைய கை அனுபவம் உண்மையானது.

ஆனால் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. மந்தமான ஒலி நீரால் மட்டும் வருவதில்லை. இறுகிப்போன நுரையீரலும், மேலே ஏறியிருக்கும் கல்லீரலும் அதே ஒலியைத் தரும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய சுமார் 200 மி.லி. நீராவது வேண்டும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நீரும் அல்ல. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் நோயினால் மேலே ஏறியிருந்தால், 'நெஞ்சு' என்று நினைத்துக் குத்தும் ஊசி வலது பக்கத்தில் கல்லீரலுக்கும், இடது பக்கத்தில் மண்ணீரலுக்கும் போய்விடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2003-ல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் டையகான் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 30 டாக்டர்கள். கையால் பரிசோதித்தும் எக்ஸ்ரே பார்த்தும் ஊசி போடும் இடத்தை அவர்கள் குறிக்க வேண்டும். பிறகு அதே இடத்தை அல்ட்ராசவுண்டில் சரிபார்த்தார்கள். டாக்டர்கள் குறித்த இடங்களில் 15 சதவீதம் தவறாக இருந்தன. ஆய்வில் சேர்க்கப்பட்ட மொத்த இடங்களில் 10 சதவீதத்தில், உறுப்பைக் குத்தியிருக்கக்கூடிய விபத்தை ஸ்கேன் தடுத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பத்தில் ஒன்று என்பது சிறிய எண் அல்ல.

ஒரு நாடு விழித்துக்கொண்ட கதை

2008-ல் பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை ஓர் அவசர எச்சரிக்கை விடுத்தது. 2005 ஜனவரி முதல் 2008 மார்ச் வரை, நெஞ்சில் குழாய் செருகும்போது நேர்ந்த தவறுகளால் 12 மரணங்களும் 15 கடுமையான பாதிப்புகளும் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதாக அது சொன்னது. அதோடு நிற்கவில்லை. அனுபவம் உள்ளவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், நீர் எடுக்கும்போது அல்ட்ராசவுண்ட் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2010-ல் பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி தன் வழிகாட்டுதலில் அதை உறுதியாக எழுதிவைத்தது.

அதே 2010-ல், ஊசியால் நெஞ்சு நீர் எடுப்பது பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வெளியானது. மொத்தம் 6,605 முறை நீர் எடுத்த கணக்கு. அதில் 6 சதவீதம் பேருக்கு நுரையீரல் குத்துப்பட்டு, காற்று கசிந்து நியூமோதொராக்ஸ் வந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதற்காகத் தனியாகக் குழாய் போட வேண்டியிருந்தது. அல்ட்ராசவுண்ட் துணையோடு எடுத்தபோது இந்த ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

பிரிட்டனில் நடந்ததில் நாம் கவனிக்க வேண்டியது அந்த 12 என்ற எண்ணை அல்ல. அந்த எண்ணை யாரோ எண்ணினார்கள் என்பதைத்தான். நீர் எடுக்கப்போய் கல்லீரலில் குத்திவிட்டால் அதை எழுதி அனுப்ப ஒரு இடம் இருந்தது. படிக்க ஓர் ஆள் இருந்தார். அதற்குப் பிறகுதான் பழக்கம் மாறியது. நம் மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட விபத்துகள் பெரும்பாலும் 'காம்ப்ளிகேஷன் ஆயிடுச்சு' என்ற ஒரே வார்த்தைக்குள் முடிந்துபோகின்றன.

ஸ்கேனில் என்ன தெரிகிறது?

அல்ட்ராசவுண்டில் நீர் கருப்பாகத் தெரியும். அதன் கீழே வளைந்த வெள்ளைக் கோடாக உதரவிதானம். அதற்கும் கீழே கல்லீரல் அல்லது மண்ணீரல். நீருக்கு நடுவே, சுருங்கிப்போன நுரையீரலின் ஓரம் மீன் வால் போல அசையும். தோலிலிருந்து நீர் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துவிடலாம். கதிர்வீச்சு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயமும் தெரியும். நீர் தெளிவாக ஒரே குளமாக இருக்கிறதா, இல்லை சிலந்தி வலை பின்னியது மாதிரி இழைகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கிறதா? இந்த இழைகளைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்ட் சி.டி. ஸ்கேனையே மிஞ்சும். அறை அறையாகப் பிரிந்திருந்தால் ஓர் ஊசி ஓர் அறையைத்தான் காலி செய்யும். அப்போது குழாய் வழியாக மருந்து செலுத்துவதா, தோராக்கோஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதா என்று சீக்கிரமே முடிவெடுக்கலாம். 2011-ல் வெளியான 'மிஸ்ட் 2' ஆய்வில், இழைகளைக் கரைக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் குழாயில் செலுத்தியபோது, அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்கள் 16 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தார்கள்.

சி.டி.க்கும் வேலை உண்டு. நுரையீரல் மடல்களுக்கு இடையே, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், இதயத்தை ஒட்டி என்று ஒளிந்திருக்கும் சீழ்க்கட்டிகளை அல்ட்ராசவுண்டால் எட்ட முடியாது. ஒலி அலை காற்றையும் எலும்பையும் ஊடுருவாது. அங்கே சி.டி. பார்த்துத்தான் குழாய் போட வேண்டும். கவனியுங்கள்: சி.டி. பார்த்துக் குழாய் போடுபவர்கள், நோயாளி சி.டி. மேசையில் படுத்திருக்கும்போதே போடுகிறார்கள். மார்க் போட்டு வார்டுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் குத்துவது என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. அல்ட்ராசவுண்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

குறி நகராது, உள்ளே உள்ளது நகரும்

மார்க் போடுவதில் உள்ள சிக்கல் இதுதான். ஸ்கேன் அறையில் நோயாளி சாய்ந்து படுத்திருப்பார். வார்டில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை வைத்துக் குனியச் சொல்வார்கள். நீர் புவியீர்ப்பின்படி இடம் மாறிவிடும். நுரையீரலும் மாறும், உதரவிதானமும் மாறும். கையைத் தூக்கினால் முதுகுத் தோல் விலா எலும்புகளின் மேல் நகரும். பேனா குறி இரண்டு விலாக்களுக்கு நடுவில் இருந்தது, இப்போது விலாவின் மேல் ஏறியிருக்கும்.

அந்தச் சின்ன நகர்வுக்கும் விலை உண்டு. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதனால்தான் எப்போதும் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்தச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு முதுகெலும்புப் பக்கத்தில் அந்த ரத்தக் குழாய் நெளிந்து இடைவெளிக்கு நடுவிலேயே வந்துவிடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் ரத்தக்கசிவு.

பிரிட்டிஷ் வழிகாட்டுதல் இதையும் நேரடியாகவே சொல்லிவிட்டது. ஸ்கேனில் குறி போட்டுவிட்டு வேறு இடத்தில், வேறு நேரத்தில் நீர் எடுப்பது பரிந்துரைக்கப்படவில்லை. நிறைய நீர் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதாவது ஒன்றரை, இரண்டு லிட்டர் நீர் தேங்கிய நோயாளிக்கு மார்க் போட்டு எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் ஸ்கேன் மிகவும் தேவைப்படுவது கொஞ்சமாக நீர் இருப்பவருக்கும், அறை அறையாகப் பிரிந்து இருப்பவருக்கும்தான். அவர்களுக்குத்தான் மார்க் முறை கைகொடுக்காது. தேவை அதிகமாக இருக்கும் இடத்தில் கைவிடும் பாதுகாப்பை நம்பி இருப்பதில் என்ன பயன்?

மெஷின் ஏன் வார்டுக்கு வருவதில்லை?

இந்தக் கேள்விக்கான பதில் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. கருவில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்க, 1994-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சுருக்கமாக பி.சி.பி.என்.டி.டி. சட்டம் என்கிறார்கள். அதன்படி அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் பதிவு செய்திருக்க வேண்டும். எந்த மெஷின், எந்த இடம், யார் பயன்படுத்துகிறார் என்பதெல்லாம் கணக்கில் இருக்க வேண்டும். மீறினால் மெஷினுக்கு சீல். முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டுவரை சிறை.

இந்தச் சட்டம் தேவையற்றது என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் ஆறு வயதுவரை உள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 918 பெண் குழந்தைகளே இருந்தார்கள். சட்டம் இருக்க வேண்டும். கறாராகவும் இருக்க வேண்டும்.

ஆனால் சட்டம் சொல்வது என்ன, நாம் புரிந்துகொண்டது என்ன? கையில் எடுத்துச் செல்லும் மெஷின்களுக்கென்று 2012-ல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. பதிவு செய்த மருத்துவமனை வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க அவற்றைப் பயன்படுத்தலாம் என்று அந்த விதி அனுமதிக்கிறது. அப்படிப் பார்த்தால், பதிவு செய்த மெஷினை வார்டில் இருக்கும் நெஞ்சு நீர் நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோவதை சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது 'எதுக்கு வம்பு?' என்ற மனநிலை.

யார் கையாளலாம் என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. விதிகள் முதலில் மகப்பேறு ஸ்கேனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நுரையீரல் மருத்துவரும், அவசரச் சிகிச்சைப் பிரிவு டாக்டரும் நெஞ்சை மட்டும் பார்க்க மெஷினைத் தொட்டால் அது எந்தக் கணக்கில் வரும் என்ற குழப்பத்தில், பல நிர்வாகங்கள் மெஷினை ஸ்கேன் அறையிலேயே பூட்டிவைத்துவிடுகின்றன. பெரிய மருத்துவமனைகளின் ஐ.சி.யு.க்களில் கட்டிலருகே ஸ்கேன் சகஜமாகிவிட்டது. சாதாரண வார்டிலும், மாவட்ட அளவிலான சிறிய மருத்துவமனைகளிலும் நிலைமை வேறு. எண்பது வயது தாத்தாவின் விலாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, கருவின் பாலினத்துக்காகப் போட்ட பூட்டு குறுக்கே நிற்கிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலைக்குப் பெரிய செலவு கிடையாது. மார்க்கை வார்டுக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக ஊசியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோங்கள். ஒரு டிரே, ஒரு நர்ஸ், நீர் எடுக்கும் டாக்டர். நோயாளி எந்த நிலையில் உட்காரப்போகிறாரோ அதே நிலையில் உட்காரவைத்து, ஸ்கேன் பார்த்து, அங்கேயே, அப்போதே எடுத்துவிடலாம். ஸ்கேன் அறையில் கூட்டம் அதிகம், நேரம் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். அதற்காக வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்குவது, குத்துப்பட்ட நுரையீரலுக்குக் குழாய் போட்டு ஒரு வாரம் படுக்கவைப்பதைவிட மலிவானது.

இரண்டாவது, சுகாதாரத் துறை ஒரு தெளிவான சுற்றறிக்கை அனுப்பலாம்: பதிவு செய்த மருத்துவமனையில், பதிவு செய்த மெஷினை, பயிற்சி பெற்ற நுரையீரல் மருத்துவரும் அவசரச் சிகிச்சை டாக்டரும் நெஞ்சைப் பார்க்கப் பயன்படுத்துவது எப்படி, பதிவேட்டில் எழுதுவது எப்படி என்று. ஒவ்வொரு முறையும் நோயாளியின் பெயர், காரணம், பயன்படுத்தியவர் கையெழுத்து இருந்தால் கண்காணிப்பு கூடத்தான் செய்யும், குறையாது.

மூன்றாவது, பயிற்சி. ஸ்கேன் ஒரு மந்திரக்கோல் அல்ல. பார்க்கத் தெரியாதவர் கையில் அது பொய்யான தைரியத்தைத்தான் தரும். நெஞ்சில் நீரைக் கண்டுபிடிப்பது, கர்ப்பப்பை ஸ்கேன் மாதிரி நுணுக்கமான வேலை அல்ல, மேற்பார்வையில் கற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் மெஷினைத் தொடவே விடாமல் கற்றுக்கொடுக்க முடியாது.

நான்காவது, எண்ணுங்கள். எத்தனை பேருக்கு நீர் எடுத்தோம், எத்தனை பேருக்கு நுரையீரல் குத்துப்பட்டது, எத்தனை பேருக்கு ரத்தம் கசிந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எண்ணாத தவறு திரும்ப நடக்கும்.

காற்று சேர்ந்தால் கணக்கு வேறு

நியூமோதொராக்ஸில் இந்த விதிகளை அப்படியே பொருத்தக் கூடாது. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு நெஞ்சில் காற்று அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு திணறினால் ஸ்கேனுக்கோ எக்ஸ்ரேக்கோ காத்திருக்கக் கூடாது. உடனே ஊசி போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அங்கே டாக்டரின் கைதான் ஸ்கேன். 'ஸ்கேன் எடுக்காம எப்படி குத்தினாங்க?' என்று அந்த நேரத்தில் சண்டை போடாதீர்கள்.

மற்ற நேரங்களில் அல்ட்ராசவுண்ட் இங்கும் உதவும். மூச்சு விடும்போது இரண்டு உறைகளும் வழுக்குவது திரையில் மினுமினுப்பாகத் தெரியும். நடுவில் காற்று புகுந்தால் அந்த மினுமினுப்பு நின்றுவிடும். இதை முதலில் 1986-ல் குதிரைகளிடம் கவனித்து எழுதியவர் ஒரு கால்நடை மருத்துவர். 1995-ல் பிரான்சின் டேனியல் லிக்டென்ஸ்டைன் அதை மனித நோயாளிகளிடம் காட்டினார்.

இன்னொன்று: எல்லாக் காற்றையும் எடுக்க வேண்டியதில்லை. ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்குத் திடீரென்று நுரையீரல் கசிவது உண்டு. புகைப்பிடித்தால் வாய்ப்பு அதிகம். இப்படி முதன்முறையாக, வேறு நுரையீரல் நோய் இல்லாமல் வந்த 14 முதல் 50 வயதுவரையுள்ள 316 பேரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆய்வு செய்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் போட்டவர்களில் 98.5 சதவீதம் பேருக்கும், போடாமல் கவனித்தவர்களில் 94.4 சதவீதம் பேருக்கும் எட்டு வாரத்தில் நுரையீரல் திரும்ப விரிந்தது. கவனித்துக்கொண்டிருந்த குழுவில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கடைசிவரை குழாயே தேவைப்படவில்லை. இது டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டில் நாமாக எடுப்பது அல்ல. ஆனால் 'குழாய் போட்டே ஆகணுமா டாக்டர்?' என்று கேட்பது தவறே இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் அப்பாவுக்கோ, நண்பருக்கோ, உங்களுக்கோ நெஞ்சில் நீர் எடுக்கச் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். சீழ் பிடித்த நீரை நாள் கணக்கில் விட்டுவைத்தால் அது கெட்டிப்பட்டு, ஊசியில் முடிந்திருக்க வேண்டியது அறுவை சிகிச்சையில் முடியும். 'நெஞ்சுல ஊசியா, வேண்டாம், மாத்திரையிலேயே சரி பண்ணுங்க' என்று அட்டெண்டர்கள் மறுப்பதும் ஓர் ஆபத்துதான். மறுக்க வேண்டாம், கேளுங்கள். பணிவாக, தெளிவாக.

1. ஸ்கேனும் ஊசியும் ஒரே நேரத்துலயா டாக்டர்? இல்லை என்றால், எந்த நிலையில் மார்க் போட்டார்களோ அதே நிலையில்தான் எடுப்பார்களா, எடுக்கும் முன் இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

2. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எதுவானாலும்.

3. ஊசியா, குழாயா? குழாய் என்றால் எவ்வளவு தடிமன்? இப்போது பல நேரங்களில் பன்றி வால் போல நுனி சுருண்ட, மெல்லிய பிக்டெயில் குழாயே போதும். அதில் வலி குறைவு. ஆனால் கெட்டியான ரத்தம் போன்றவற்றுக்குத் தடித்த குழாய் வேண்டியிருக்கும்.

4. எடுத்த நீரை எந்தப் பரிசோதனைகளுக்கு அனுப்பறீங்க? புரதம், எல்.டி.எச்., சர்க்கரை, செல் கணக்கு, காசநோய்க்கான ஏ.டி.ஏ., தேவைப்பட்டால் புற்றுநோய் செல். நீரை எடுத்துக் கொட்டிவிட்டு 'இப்போ மூச்சு ஃப்ரீயா இருக்கு' என்று வீட்டுக்குப் போனால் நோய் உள்ளேயே இருக்கும். நீர் அறிகுறி மட்டும்தான். காசநோய் என்று தெரிந்தால் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். முழுக் காலமும் சாப்பிட வேண்டும்.

5. ஒரே தடவையில் எவ்வளவு எடுப்பீங்க? பொதுவாக ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவார்கள். நாள்பட்டுச் சுருங்கியிருந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரந்துவிடும் ஆபத்து உண்டு. எடுக்கும்போது இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் சொல்லக் கூச்சப்படாதீர்கள். உடனே நிறுத்த வேண்டும்.

6. குழாயோடு பாட்டில் இருந்தால் அது எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பாட்டிலில் உள்ள தண்ணீர் ஒரு வழிக் கதவு மாதிரி: உள்ளிருந்து காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பாத்ரூம் போகும்போது பாட்டிலைக் கட்டில்மேல் தூக்கிவைத்தால் அந்தத் தண்ணீர் திரும்ப நெஞ்சுக்குள் போகும். குழாயை நீங்களாக மடக்கிப் பிடிக்கவோ கிளிப் போடவோ வேண்டாம். சந்தேகம் வந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

இந்தக் கேள்விகளை எந்த டாக்டரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நல்ல டாக்டர் நீங்கள் கேட்பதற்கு முன்பே பாதி பதிலைச் சொல்லிவிடுவார்.

பீப்பாயைத் தட்டிப் பார்த்தது 1761-ல் பெரிய முன்னேற்றம். அன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. இன்றைக்கு உள்ளே இருப்பதைக் காட்டும் மெஷின் அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே இருக்கிறது. அதையும் ஊசியையும் ஒரே அறையில் சேர்ப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கையும், கொஞ்சம் பயிற்சியும், 'எதுக்கு வம்பு' என்பதை விட்டுவிடும் ஒரு நிர்வாகமும் போதும்.